மிளகாயில் இலைச்சுருட்டு: வெள்ளி நிற நிலப்போர்வையின் எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும்?

மிளகாய் நடவு செய்த முதல் சில வாரங்களில் இலைச்சுருட்டு வைரஸ் தாக்கினால், அந்தச் செடியில் காய் எதிர்பார்க்க முடியாது. இந்நோயைக் குணப்படுத்த மருந்தும் கிடையாது. எனவே, வைரஸைப் பரப்பும் வெள்ளை ஈ செடியில் வந்து அமராமல் தடுப்பதே முக்கியம். இதற்கு வெள்ளி நிற நிலப்போர்வை நன்கு உதவும்.

எப்படி வேலை செய்கிறது?

சூரிய ஒளியில் நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்கள் உண்டு. வெள்ளை ஈ, அசுவினி, இலைப்பேன் ஆகியவற்றால் இதைப் பார்க்க முடியும். வானத்திலிருந்து வரும் இக்கதிர்களை வைத்தே இவை மேல், கீழ் திசையை அறிகின்றன. மண்ணும் இலையும் இக்கதிர்களின் பெரும்பகுதியை உறிஞ்சிவிடும். வெள்ளி நிறப் பரப்போ திருப்பி அனுப்பிவிடும். கீழிருந்தும் வானத்தைப் போல ஒளி வருவதால், பூச்சிகள் திசை தடுமாறி, செடியில் இறங்காமல் விலகிச் செல்கின்றன.

விரிக்கும்போது கவனிக்க வேண்டியவை

* வெள்ளி நிறப் பக்கம் மேலேயும் கறுப்புப் பக்கம் மண்ணைப் பார்த்தும் இருக்க வேண்டும். மாற்றி விரித்தால் களை கட்டுப்படும். ஆனால் பூச்சி விரட்டும் பலன் போய்விடும். வெயில் காலத்தில் மண்ணும் கூடுதலாகச் சூடேறும்.
* மேட்டுப்பாத்தியில் முதலில் சொட்டுநீர்க் குழாயைப் போட்டு, அதன் மேல் 25 முதல் 30 மைக்ரான் தடிமனுள்ள போர்வையைச் சுருக்கமின்றி இழுத்து விரிக்கவும். சுருக்கங்களில் மண்ணும் நீரும் தேங்கும்.
* சேறு, தூசி படிந்தால் ஒளி திரும்புவது குறையும். மண் அணைக்கும்போது போர்வை மேல் மண் விழாமல் பார்த்துக்கொள்ளவும்.
* நடவுக்கு முன்பே விரிக்க வேண்டும். நோய் வந்த பிறகு விரித்துப் பயனில்லை.

இது மட்டும் போதுமா?

போதாது. செடி வளர்ந்து இலைகள் போர்வையை மூடியதும் ஒளி திரும்புவது குறைந்து, பலனும் குறையும். ஆனால் வைரஸால் அதிக இழப்பு ஏற்படும் இளம் பருவத்தைக் கடக்க இது கைகொடுக்கும். நாற்றங்காலை நெருக்கமான நைலான் வலையால் மூடுங்கள். வயலில் மஞ்சள் ஒட்டுப்பொறி வையுங்கள். நோய் கண்ட செடிகளை உடனே பிடுங்கி அழியுங்கள். இலை கீழ்நோக்கிச் சுருண்டிருந்தால், அது சிலந்திப்பேன் தாக்குதலாக இருக்கலாம். அதற்குப் போர்வை தீர்வல்ல. இலையின் அடிப்புறத்தை உருப்பெருக்கியால் பார்த்து உறுதி செய்த பிறகே மருந்து தெளிக்கவும்.

அறுவடை முடிந்ததும் போர்வையை முழுமையாக அகற்றுங்கள். வயலில் உழுதுவிடவோ எரிக்கவோ வேண்டாம்.