நீரைத் தேக்கிய ஆட்டுப் பண்ணையார்

ஆடு வளர்ப்பவருக்கு முதல் தேவை நிலமா, நீரா? இக்கேள்விக்கு ஆஸ்திரேலிய நாட்டின் சாமுவேல் மெக்காஹி என்பவரின் வாழ்க்கை நல்லதொரு விடை தருகிறது.

1835-ஆம் ஆண்டு அயர்லாந்தில் பிறந்த இவர், 1856-இல் ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறினார். 1860-இல் நியூ சவுத் வேல்ஸ் பகுதியில் 42,000 ஏக்கர் பரப்புள்ள கூனாங் ஆட்டுப் பண்ணையில் பங்குதாரரானார். அது விரட்ஜுரி பழங்குடியினரின் பூர்வீக நிலம் என்பதையும் மறத்தலாகாது. தொடக்க ஆண்டுகளிலேயே கடும் வறட்சி தாக்கியது. பரந்த நிலம் இருந்தும் ஆடுகளுக்குக் குடிநீர் இல்லை. எனவே குளங்கள் வெட்டி மழைநீரைத் தேக்குவதைத் தம் முதல் வேலையாகக் கொண்டார். பின்னர் அவருடைய பண்ணைகள் சுமார் 30 இலட்சம் ஏக்கராகப் பெருகின.

1899-இல் நியூ சவுத் வேல்ஸ் சட்ட மேலவை உறுப்பினராக நியமிக்கப்பட்டார். அப்போது நாடெங்கும் பல ஆண்டுகள் நீடித்த பெரும் வறட்சி. 1891-இல் 10 கோடிக்கு மேல் இருந்த ஆடுகள், 1902-இல் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன.

அந்நிலையில் மர்ரம்பிட்ஜி ஆற்றை ஒட்டிய வடக்கு யாங்கோ பண்ணையை வாங்கி, சுமார் 320 கிலோமீட்டர் நீளத்திற்குக் கால்வாய்கள் வெட்டி, 40,000 ஏக்கருக்குப் பாசனம் அளித்தார். குதிரைமசால் முதலிய தீவனப் பயிர்கள் செழித்தன. குதிரைமசாலைப் பலமுறை அறுவடை செய்யலாம். உலர்த்திச் சேமித்தால் கோடையிலும் தீவனம் கிடைக்கும்.

கண்ணெதிரே விளைந்த இப்பயிர் அரசுக்கும் ஊக்கமளித்தது. 1907-இல் பரின்ஜக் அணையின் கட்டுமானம் தொடங்கியது. 1912-இல் புதிய பாசனப் பகுதிக்கு நீர் விடப்பட்டது. 1919-இல் மெக்காஹி காலமானார். 1922-இல் அவருடைய யாங்கோ மாளிகை வேளாண்மை உயர்நிலைப் பள்ளியாயிற்று. 1924 முதல் அப்பகுதியில் நெல்லும் பயிராகி வருகிறது.

பல இலட்சம் ஏக்கர் உடையவரின் கதை நமக்கு எதற்கு என்று உழவர் பெருமக்கள் கேட்கலாம். 2 ஏக்கர் நிலத்திற்கும் இது பொருந்தும். நிலத்தின் தாழ்வான மூலையில் ஒரு பண்ணைக் குட்டை வெட்டுங்கள். நீர் ஆவியாவது மேற்பரப்பின் அளவைப் பொறுத்தது. ஆகவே, அகன்று ஆழமில்லாத குட்டையைவிட, பரப்பு குறைந்து ஆழம் மிகுந்த குட்டையில் நீர் நெடுநாள் நிற்கும். பாசன வசதியுள்ள இடத்தில் சில சென்ட் நிலத்தையாவது தீவனப் பயிருக்கு ஒதுக்குங்கள்.

ஆடு வாங்குமுன் நீருக்கும் தீவனத்திற்கும் வழி செய்துகொண்டால், வறட்சி வரும்போது கிடைத்த விலைக்கு ஆட்டை விற்க நேராது.