ஒரு லிட்டர் டீசலில் எவ்வளவு தூரம்?

கேமரன் மலையின் காய்கறித் தோட்டங்களில் பொழுது விடிவதற்கு முன்பே பிக்கப் வண்டிகளின் ஓசை கேட்கத் தொடங்கிவிடும். உர மூட்டைகளை மேட்டுப் பாத்திகளுக்குக் கொண்டு செல்வது, அறுவடை செய்த முட்டைக்கோசையும் தக்காளியையும் ஏற்றி வருவது, சில நாள்களில் மலையிறங்கி ஈப்போ வரை சென்று திரும்புவது என அவற்றுக்கு ஓய்வே இல்லை. சேறு படிந்த செங்குத்துப் பாதையில் மகிழுந்து ஏறாது. குறைந்த விளைச்சலுக்கு லோரி கட்டுப்படியாகாது. எனவே, சிறு தோட்டக்காரருக்கு மண்வெட்டியைப் போலவே பிக்கப் வண்டியும் ஒரு தொழிற்கருவியாகும். அக்கருவி டீசல் இல்லாமல் ஓடாது.

தீபகற்ப மலேசியாவில் 2024ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள் டீசலுக்கான மானிய முறை மாற்றப்பட்டது. அதுவரை ஒரு லிட்டர் 2 ரிங்கிட் 15 சென்னுக்கு விற்கப்பட்ட டீசலின் விலை, அன்று 3 ரிங்கிட் 35 சென்னாக உயர்ந்தது. அதன் பின்னர், விலை சந்தை நிலவரத்திற்கேற்ப அறிவிக்கப்பட்டது. எடுத்துக்காட்டாக, மாதம் 2,000 கிலோமீட்டர் ஓடும் ஒரு பிக்கப் வண்டி, லிட்டருக்கு 10 கிலோமீட்டர் தூரம் தருவதாகக் கொள்ளலாம். அதற்கு மாதம் 200 லிட்டர் டீசல் தேவைப்படும். பழைய விலையில் அதற்கான செலவு 430 ரிங்கிட். அன்றைய புதிய விலையிலோ 670 ரிங்கிட். மாதத்திற்கு 240 ரிங்கிட் கூடுதல் செலவானது. தகுதி பெற்ற வாகன உரிமையாளர்களுக்கும் சிறு விவசாயிகளுக்கும் புடி மடானி திட்டத்தின்வழி அரசாங்கம் மாதம் 200 ரிங்கிட் உதவித்தொகை வழங்க முன்வந்தது. அத்தொகையைக் கழித்த பின்னரும் 40 ரிங்கிட் பற்றாக்குறை எஞ்சியது.

நாற்பது ரிங்கிட் என்பது அன்று ஏறத்தாழ 12 லிட்டர் டீசலின் விலை. 200 லிட்டரில் இது நூற்றுக்கு ஆறு பங்குதான். புதிய கருவி எதையும் வாங்காமல், வண்டியை ஓட்டும் முறையாலும் பராமரிக்கும் முறையாலும் மட்டுமே இதை மிச்சப்படுத்த இயலுமா? இக்கேள்விக்கு விடை காண, தொட்டியில் ஊற்றப்படும் டீசல் எங்கே செலவாகிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

டீசல் எரியும்போது வெளிப்படும் ஆற்றலில் பெரும்பகுதி வண்டியை நகர்த்தப் பயன்படுவதில்லை. அது வெப்பமாக மாறிப் புகைக்குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெளியேறிவிடுகிறது. இயந்திரத்தின் அமைப்பினால் ஏற்படும் இவ்விழப்பை வாகனமோட்டியால் மாற்ற முடியாது. எஞ்சிய ஆற்றலைக் கொண்டுதான் வண்டி எதிர்க்காற்றை விலக்குகிறது, டயர்களை உருட்டுகிறது, தன் எடையையும் சுமையையும் இழுத்துக்கொண்டு வேகமெடுக்கிறது, மேடேறுகிறது. பிரேக்கை மிதிக்கும்போது, வண்டி பெற்ற வேகம் மீண்டும் வெப்பமாக மாறி வீணாகிறது. காற்று, டயர், எடை, பிரேக் ஆகிய இந்நான்கும் பெரும்பாலும் வாகனமோட்டியின் கட்டுப்பாட்டில் உள்ளவை. ஆகவே, சிக்கனத்தையும் இவற்றில்தான் தேட வேண்டும்.

முதலாவது காற்று. மகிழுந்தைக் காட்டிலும் பிக்கப் வண்டி உயரமானது. அதன் முகப்பு அகன்றது. அதனால் அது மிகுதியான காற்றைத் தள்ளிக்கொண்டு செல்ல வேண்டியுள்ளது. காற்றின் எதிர்ப்பு விசை வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப உயர்கிறது. வேகம் இரு மடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்காகும். நெடுஞ்சாலையில் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி 110 கிலோமீட்டர் வேகத்தை எட்டினால், வேகம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே கூடுகிறது. காற்றின் எதிர்ப்போ ஏறத்தாழ பாதியளவு அதிகரித்துவிடுகிறது. 90 கிலோமீட்டர் தூரத்தை 110 கிலோமீட்டர் வேகத்தில் கடந்தால் மிச்சமாகும் நேரம் 11 நிமிடம்தான். அந்தப் பதினொரு நிமிடங்களுக்குக் கொடுக்கும் விலை டீசலில் தெரியும்.

பின்கதவைத் திறந்து வைத்து ஓட்டினால் காற்று தடையின்றி வெளியேறும், எண்ணெய் மிச்சமாகும் என்று பலர் நம்புகின்றனர். உண்மை இதற்கு நேர்மாறானது. பின்கதவு மூடியிருக்கும்போது, சரக்குத் தட்டினுள் காற்று சுழன்றபடி அங்கேயே தங்கிவிடுகிறது. கூரையைத் தாண்டி வரும் காற்று, அந்தச் சுழலின் மேல் வழுக்கிக்கொண்டு பின்னால் சென்றுவிடுகிறது. கதவைத் திறந்தால் அந்தச் சுழல் கலைந்து, எதிர்ப்பு குறைவதற்கு மாறாகக் கூடக்கூடும். தட்டிலுள்ள பொருள் சாலையில் விழுந்து விபத்தை ஏற்படுத்தும் ஆபத்தும் உண்டு. ஆகவே, பின்கதவு மூடியிருப்பதே நன்று. பயன்படுத்தாத கூரைச் சட்டங்களைக் கழற்றி வைப்பதும் காற்றின் எதிர்ப்பைக் குறைக்கும்.

இரண்டாவது டயர். காற்று குறைந்த டயர் தரையில் பதியும் இடத்தில் அளவுக்கு மீறி நசுங்குகிறது. ஒவ்வொரு சுற்றிலும் அது நசுங்கி நிமிர்வதற்கு ஆற்றல் செலவாகிறது. காற்று குறைந்த மிதிவண்டியை மிதித்துப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். டயர்களில் காற்றழுத்தம் சராசரியாக ஒரு பிஎஸ்ஐ குறைந்தால், எரிபொருள் சிக்கனம் நூற்றுக்கு 0.2 பங்கு வரை குறையலாம் என்று அமெரிக்க எரிசக்தித் துறை குறிப்பிடுகிறது. பத்து பிஎஸ்ஐ குறைந்தால் இழப்பு நூற்றுக்கு இரண்டு பங்கை எட்டலாம். சரியான அழுத்தம் எவ்வளவு என்பது ஓட்டுநர் கதவையொட்டிய சட்டத்தில் ஒட்டப்பட்டுள்ள தாளில் அச்சிடப்பட்டிருக்கும். பிக்கப் வண்டிகளில் சுமை ஏற்றும்போது பின் டயர்களுக்குக் கூடுதல் அழுத்தம் தேவைப்படலாம். அதையும் அத்தாளிலோ கையேட்டிலோ காணலாம். வண்டி ஓடிச் சூடேறும் முன்னரே அழுத்தத்தைச் சோதிக்க வேண்டும். அழகுக்காகப் பெரிய, முரட்டுப் பற்கள் கொண்ட டயர்களை மாட்டுவதும் உருளும் தடையைக் கூட்டும். சேற்றில் இறங்கும் வண்டிக்கு அவை தேவைப்படலாம். நகரச் சாலையில் மட்டும் ஓடும் வண்டிக்கு அவை வீண் செலவே.

மூன்றாவது எடை. ஏறத்தாழ ஒரு டன் சுமையைத் தாங்கவல்லது பிக்கப் வண்டி. இடம் இருக்கிறது என்பதற்காகவே அதில் பொருள்கள் சேர்ந்துகொண்டே போகும். மீந்துபோன உர மூட்டை, உடைந்த தண்ணீர்க் குழாய், மழையில் நனைந்த மண், பயன்படாத இரும்புச் சாமான்கள் ஆகியவை மாதக்கணக்கில் வண்டியோடு பயணம் செய்வதுண்டு. 45 கிலோகிராம் கூடுதல் எடை, எரிபொருள் சிக்கனத்தை நூற்றுக்கு ஒரு பங்கு வரை குறைக்கலாம் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணிப்பு. மலைப்பாதையில் அந்த எடையை மேலே தூக்கிச் செல்லவும் டீசல்தான் எரிய வேண்டும். வாரம் ஒரு முறை சரக்குத் தட்டைப் பெருக்கிச் சுத்தம் செய்வது செலவில்லாத சிக்கனமாகும்.

நான்காவது பிரேக். சமிக்ஞை விளக்கு பச்சையானதும் சீறிப் பாய்ந்து, அடுத்த விளக்கில் அழுத்தி நிறுத்துபவர், டீசலை எரித்து வேகத்தைப் பெறுகிறார். உடனே அதை பிரேக்கில் வெப்பமாக்கி இழக்கிறார். சாலையின் தொலைவைக் கவனித்து, முன்வாகனத்தோடு போதிய இடைவெளி விட்டு ஓட்டுபவருக்கு பிரேக்கின் தேவை குறைவு. தொலைவில் சிவப்பு விளக்கு தெரிந்ததுமே அவர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுகிறார். முரட்டுத்தனமான ஓட்டத்தால் நெடுஞ்சாலையில் நூற்றுக்கு 15 முதல் 30 பங்கு வரை எரிபொருள் சிக்கனம் குறையலாம் என்று அதே துறை கூறுகிறது. மற்ற வழிகள் யாவற்றையும்விட இதில்தான் சேமிப்பு மிகுதி. வாகனமோட்டியின் வலக்காலே முதன்மையான சிக்கனக் கருவி எனலாம்.

மலையிறக்கத்தில் மற்றொரு தவறான பழக்கம் காணப்படுகிறது. எண்ணெயை மிச்சப்படுத்துவதாக எண்ணிச் சிலர் கியரை நியூட்ரலுக்கு மாற்றிவிட்டு வண்டியை உருள விடுகின்றனர். இது சிக்கனமும் அன்று, பாதுகாப்பும் அன்று. நியூட்ரலில் இருக்கும் இயந்திரம் அணைந்துவிடாமல் ஓடுவதற்குச் சிறிதளவு டீசலை எரித்துக்கொண்டே இருக்கும். மாறாக, தகுந்த கியரில் வைத்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், இன்றைய இயந்திரங்களில் எரிபொருள் செல்வது நின்றுவிடும். சுழலும் சக்கரங்களே இயந்திரத்தைச் சுழற்றும். அதோடு, இயந்திரம் வண்டியின் வேகத்தையும் இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் அந்தப் பிடிப்பு கிடையாது. முழுப் பளுவும் பிரேக்கின்மீது விழும். நீண்ட இறக்கத்தில் பிரேக் அளவுக்கு மீறிச் சூடேறிப் பிடிமானத்தை இழந்தால் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

இவற்றோடு சில சிறு பழக்கங்களும் உதவும். நின்றபடி ஓடும் இயந்திரம் எத்தனை லிட்டரை எரித்தாலும் கடக்கும் தூரம் சுழியமே. ஆதலால், நெடுநேரம் காத்திருக்க நேர்ந்தால் இயந்திரத்தை அணைத்துவிடலாம். எனினும், சுமையோடு மலையேறி வந்த டர்போ இயந்திரத்தை உடனே அணைக்காமல், கையேடு கூறும் நேரம் வரை ஓடவிட்டுக் குளிர்விக்க வேண்டும். நான்கு சக்கர இயக்கத்தைச் சேற்றுக்கும் வழுக்கல் பாதைக்கும் மட்டுமே பயன்படுத்த வேண்டும். தார்ச்சாலைக்கு வந்ததும் இரு சக்கர இயக்கத்திற்கு மாற்றிவிட வேண்டும். பெரும்பாலான பிக்கப் வண்டிகளில், காய்ந்த சாலையில் நான்கு சக்கரங்களையும் பிணைத்து ஓட்டினால் டீசல் வீணாவதோடு இயக்க உறுப்புகளும் தேயும். புழுதியில் ஓடும் வண்டியின் காற்று வடிகட்டியை அடிக்கடி சோதிப்பதும், கையேட்டில் குறிப்பிட்ட தரமுள்ள இயந்திர எண்ணெயை உரிய காலத்தில் மாற்றுவதும் இன்றியமையாதவை.

எண்ணெய் விலை உயரும்போதெல்லாம் அதை மிச்சப்படுத்தும் காந்தங்கள், மாத்திரைகள், திரவங்கள் என்று பலவும் விற்பனைக்கு வருகின்றன. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இத்தகைய நூற்றுக்கும் மேற்பட்ட சாதனங்களை ஆராய்ந்துள்ளது. அவற்றுள் மிகச் சிலவே ஓரளவு பயன் தந்தன. டீசலுக்குச் செலவழிக்கத் தயங்குபவர், அதே பணத்தை இவற்றில் இழப்பது வருந்தத்தக்கது.

எந்த வழி பயன் தருகிறது என்பதை ஊகத்தால் அன்று, அளவையால்தான் உறுதி செய்ய வேண்டும். அதற்கான முறை எளிது. எண்ணெய் நிலையத்தில், குழாய் தானாக நிற்கும் வரை தொட்டியை நிரப்பி, தூரங்காட்டியைச் சுழியத்திற்குக் கொண்டு வர வேண்டும். சில நாள்கள் ஓடிய பின்னர், அதே போல மீண்டும் நிரப்ப வேண்டும். ஓடிய தூரத்தை, இரண்டாம் முறை ஊற்றிய லிட்டர் அளவால் வகுத்தால் விடை கிடைத்துவிடும். 480 கிலோமீட்டர் ஓடிய வண்டிக்கு 48 லிட்டர் தேவைப்பட்டால், அது லிட்டருக்கு 10 கிலோமீட்டர் தருகிறது என்று பொருள். ஒரு முறை செய்த கணக்கைக் கொண்டு முடிவு செய்துவிடக் கூடாது. சுமை, மழை, சாலை நெரிசல் ஆகியவற்றால் அளவு மாறுபடும். நான்கைந்து முறை குறித்து வைத்துச் சராசரி காண்பதே முறையாகும்.

மேற்கூறிய பழக்கங்களால் அந்த வண்டி லிட்டருக்கு 10 கிலோமீட்டருக்குப் பதிலாக 11 கிலோமீட்டர் ஓடினால், 2,000 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 182 லிட்டரே போதும். மாதம் 18 லிட்டர் மிச்சம். லிட்டருக்கு 3 ரிங்கிட் 35 சென் என்னும் விலையில் அது 60 ரிங்கிட்டுக்குச் சமம். பற்றாக்குறையான 40 ரிங்கிட் ஈடாகிறது. அதற்கு மேலும் 20 ரிங்கிட் கையில் நிற்கிறது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோகிராம் கரியமில வாயு வெளியாகிறது. அவ்வகையில், மாதம் ஏறத்தாழ 49 கிலோகிராம் கரியமில வாயு காற்றில் கலக்காமல் தவிர்க்கப்படுகிறது.

எல்லா வண்டிகளுக்கும் இதே பயன் கிடைத்துவிடாது. ஏற்கெனவே நிதானமாக ஓட்டுபவருக்குச் சேமிக்க எஞ்சியிருப்பது குறைவு. விலை மேலும் உயர்ந்தால் பழக்க மாற்றம் மட்டும் போதாது. சந்தை விலை வாகனமோட்டியின் கையில் இல்லை. ஆயினும், ஊற்றிய ஒவ்வொரு லிட்டரும் எவ்வளவு தூரம் செல்ல வேண்டும் என்பதில் அவருக்கும் பங்குண்டு. அப்பங்கை அறிந்துகொள்ளத் தேவையானவை, வண்டியில் வைக்க ஒரு சிறிய குறிப்பேடும் வகுத்தல் கணக்கும்தான். வீட்டில் வண்டி ஓட்டும் பெற்றோருக்காக அந்தக் கணக்கை ஒரு மாணவரே செய்து கொடுக்கலாம்.