கம்பியின்றிச் செய்தி கடத்தும் சிறு கருவிகள்

மண்ணின் ஈரத்தை அளந்து, கம்பியின்றியே அறிவிக்கும் சிறு கருவிகள் இந்நாளில் விற்பனைக்கு வந்துள்ளன. சங்கத்துப் பணத்தையோ சொந்தப் பணத்தையோ இவற்றில் இடுமுன், இவை இயங்கும் விதத்தை அங்கத்தினர்கள் அறிந்துகொள்ளுதல் அவசியமாகும்.

இக்கருவி ஒவ்வொன்றிலும் ஈரம், வெப்பம் முதலியவற்றை உணரும் உறுப்பு, சிறு கணிப்பொறி, வானொலி உறுப்பு, மின்கலம் என நான்கு பகுதிகள் உண்டு. மின்கலத்தின் சக்தியில் பெரும்பகுதியை வானொலி உறுப்பே கொள்கிறது. செய்தி செல்லும் தூரம் இரட்டித்தால், அனுப்பும் சக்தி நான்கு மடங்கேனும் வேண்டும். ஆதலின் ஒவ்வொரு கருவியும் அண்டைக் கருவிக்கு மட்டும் சொல்ல, அது அடுத்ததற்குச் சொல்கிறது. தெருக்கோடியிலுள்ள நெசவாளர் உரக்கக் கூவாமல், வீட்டுக்கு வீடு சொல்லியனுப்பிச் சங்கத்துக்குச் செய்தி சேர்ப்பதை ஒத்தது இது.

வழி அறிவது எங்ஙனம்? செய்திகளைப் பெறும் நிலையம் முதலில் தன் இருப்பை அறிவிக்கும். அதனை நேரே கேட்கும் கருவிகள் முதற்படி, அவற்றைக் கேட்பவை இரண்டாம் படி, இவ்வாறே பிறவும். ஒவ்வொன்றும் தனக்குக் கீழ்ப்படியிலுள்ள ஒன்றனிடம் செய்தியை ஒப்படைக்கும். பெற்றதற்கு மறுமொழி வாராவிடில் வேறொன்றை நாடும். ஆகவே ஒரு கருவி பழுதுற்றாலும், அண்டையில் வேறு கருவி இருக்குமாயின் செய்தி நின்றுவிடாது.

ஆயினும் ஒரு குறை உண்டு. நிலையத்துக்கு அருகிலுள்ளவை எல்லாருடைய சுமையையும் தாங்குவதால் அவற்றின் மின்கலமே முதலில் தீரும். அவை ஓய்ந்தபின், தொலைவிலுள்ளவை நன்னிலையில் இருந்தும் ஊமையாகும். இதற்குப் பரிகாரமாகச் சுமையை முறைவைத்துப் பகிர்தல், பல அளவுகளை ஒன்றுசேர்த்து அனுப்புதல், குறித்த வேளையில் மட்டும் விழித்துப் பிறபொழுது உறங்குதல் ஆகிய முறைகள் கையாளப்படுகின்றன.

இம்முறை உயிர்காக்கவும் உதவியுள்ளது. கேரளத்தின் மூணாற்றில், முன்பு நிலச்சரிவு நேர்ந்த அந்தோணியார் காலனி மலைச்சரிவில், அமிர்த விசுவ வித்யாபீடத்தார் 2008ஆம் ஆண்டில் இத்தகைய அமைப்பை நிறுவினர். மண்ணுள் புதைத்த கருவிகள் நீரின் அழுத்தத்தையும் நிலத்தின் அசைவையும் அளந்தன. அச்செய்திகள் கருவிக்குக் கருவி கடந்து நிலையத்தை அடைந்து, அங்கிருந்து செயற்கைக்கோள் வழியே அமிர்தபுரிக்குச் சென்றன. 2009 ஜூலையில் பெருமழை பெய்தபோது முன்னெச்சரிக்கை விடுக்கப்பட்டது. மக்களை அப்புறப்படுமாறு அரசினர் அறிவுறுத்தினர்.

நம் பக்கத்துக் குச்சிக்கிழங்கு, மஞ்சள் தோட்டங்களுக்கு இவற்றை வாங்குவோர் மூன்று கேள்விகளைக் கேட்டல் வேண்டும். ஒரு கருவி நின்றால் செய்தி வேறு வழி செல்லுமா? நிலையத்தருகேயுள்ள கருவியின் மின்கலம் எத்தனை மாதம் தாங்கும்? பழுதானால் மாற்றித் தருபவர் யார்? இவற்றிற்கு எழுத்து மூலம் விடை பெறுதல் நலம். ஒருவருடைய சிறு தோட்டத்துக்கு ஒற்றைக் கருவியே போதுமானதாயிருக்கலாம். அடுத்தடுத்த தோட்டக்காரர் பலர் ஒரே நிலையத்தைப் பொதுவாக வைத்துக்கொள்ளும்போதே இக்கருவிக் கூட்டம் செலவுக்கேற்ற பயன் தரும். அப்போதும், நிலையத்தருகே கருவி வைத்திருக்கும் அங்கத்தினரின் மின்கலச் செலவைப் பொதுச் செலவாகவே கொள்வது நியாயமாகும்.