எட்டாவது சர்வர்

சர்வர் என்றதும் சிற்றுண்டிச் சாலையில் இட்லி கொண்டுவருபவரை நினைத்துவிடாதீர்கள், தோழியரே! நாங்கள் கூறப்போவது, கேட்போர்க்கெல்லாம் ஓயாது விடையளிக்கும் கணிப்பொறியைப் பற்றி. வேலை பெருகினால் ஒன்று போதாது. பல சர்வர்களுக்குப் பகிர்ந்தளிப்பர். அவை அனைத்திலும் ஒரே நிரலும் ஒரே அமைப்பும் இருத்தல் வேண்டும்.

ஏன் என்கிறீர்களா? சுற்றறிக்கை மூன்று பிரிவுகளுக்குச் சென்று நான்காவதற்குச் செல்லாவிட்டால், விளையாட்டு விழாவன்று அப்பிரிவு மட்டும் வேறு சீருடையில் வந்து நிற்கும். (சென்ற ஆண்டு நாங்கள் நின்றோம்!)

அமெரிக்காவில் நைட் கேப்பிட்டல் என்றொரு பங்குத் தரகு நிறுவனம் இருந்தது. நியூயார்க் பங்குச் சந்தையில் 2012 ஆகஸ்ட் 1 அன்று தொடங்கவிருந்த ஒரு திட்டத்திற்காக, தன் எட்டு சர்வர்களிலும் புதிய நிரலை ஏற்ற முனைந்தது. ஏற்றியவர் ஏழோடு நின்றுவிட்டார். சரிபார்க்க இரண்டாமவர் எவருமில்லை. எட்டாவதிலோ, 2003இலேயே கைவிடப்பட்ட ‘பவர் பெக்’ என்னும் பழைய நிரல் அழிக்கப்படாமல் கிடந்தது. அதை எழுப்பும் அதே குறியைத்தான் புதிய நிரலுக்கும் வைத்திருந்தனர்!

சந்தை திறந்தது. எட்டாவது சர்வர், ‘போதும்’ என்பதை அறியாமல் ஆணைகளை அனுப்பிக்கொண்டேயிருந்தது. வாடிக்கையாளர் கேட்டவை 212; நாற்பத்தைந்து நிமிடங்களில் நடந்தேறிய வணிகங்களோ 40 இலட்சத்திற்கும் மேல். பதறிப்போனவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒழுங்காயிருந்த ஏழிலிருந்தும் புதிய நிரலை நீக்கினார்கள்! அவற்றிலும் பழையது விழித்துக்கொண்டது. நட்டம் 46 கோடி டாலருக்கும் அதிகம். இத்தனைக்கும், சந்தை திறக்குமுன்னரே கணிப்பொறி 97 மின்னஞ்சல்களில் பிழையைத் தெரிவித்திருந்தது. அதை எச்சரிக்கை என்று யாரும் கொள்ளவில்லை. அடுத்த ஆண்டே அந்நிறுவனம் வேறொன்றோடு இணைந்துவிட்டது.

இவ்வேலையைக் கையால் செய்யாதிருக்கக் கருவிகள் உள்ளன. 2012இல் வெளிவந்த ‘ஆன்சிபிள்’ அவற்றுள் ஒன்று. சர்வர்களின் பெயர்களைக் குழு குழுவாக ஒரு கோப்பில் எழுதுவர். எல்லாவற்றுக்கும் பொதுவானவை ஓரிடத்தில், ஒரு குழுவுக்கே உரியவை வேறிடத்தில். ‘இப்படி இருக்கவேண்டும்’ என்று குறித்தால் போதும். கருவி ஒவ்வொரு சர்வராகச் சோதித்து, மாறுபட்டதை மட்டும் திருத்தும். முடிவில் எது சரி, எது தவறியது, எதை எட்டமுடியவில்லை என்று ஆசிரியை வருகைப் பதிவேடு வாசிப்பதுபோல் பெயர்பெயராகச் சொல்லிவிடும்.

ஆனால் எட்டாவதன் பெயரைக் கோப்பில் எழுதவே மறந்தால், ஆன்சிபிளும் ஏழோடு நின்றுவிடும்.