தெரியுமா? கொங்கு மண்ணில் ஆள் ஒழிந்த ஊர்கள்!

பவானிசாகர் அணைக்குள் ஓர் ஊர் கிடக்கிறது, தெரியுமா? நீர்மட்டம் நன்றாக இறங்கிவிட்டால் டணாயக்கன்கோட்டை மாதவராயப் பெருமாள் கோயில் கல்தூண்களோடு வெளியே வந்து நிற்கும்! 1948-இல் தொடங்கிய அணை 1955-இல் முடிந்தது, ஊர் தண்ணீருக்குள் போனது. கோயில் தெரிகிறது என்று செய்தி வந்தால் போதும், கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்.

அது பாசனத்துக்காகப் போன ஊர். தொழில் நகரம் வளர்ந்த வேகத்தில் வாழ்விழந்த ஊர் தெரியுமா? சென்னிமலைக்குப் பக்கத்தில் ஒரத்துப்பாளையம்! அங்கே நொய்யலில் 1992-இல் அணை வந்தது, சுமார் 20,000 ஏக்கர் பாசனத்துக்காக. வந்து தேங்கியதோ திருப்பூர்ச் சாயக்கழிவு! கிணறு கெட்டது, தென்னை பட்டது, ஆடுமாடு குடிக்கத் தண்ணீரில்லை. பல குடும்பங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியேறின. சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது 2011 ஜனவரியில். அதற்குள் கிட்டத்தட்ட இருபது வருடம் ஓடிவிட்டது. கொங்கு நாட்டில் ஒரே ஒரு இடத்தைப் படமெடுக்கச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஆளே இல்லாத கிராமங்கள் 43,000-க்கும் மேல்! ஆனால் கோயமுத்தூர்ப் பக்கம் கதை வேறு. மாவட்டத்தில் முக்கால்வாசிப் பேர் நகரவாசிகள். இங்கே மக்கள் ஊரை விட்டுப் போவதற்குள் நகரமே ஊருக்குள் வந்துவிடுகிறது. சரவணம்பட்டியும் காளப்பட்டியும் மாநகராட்சிக்குள் வந்தது 2011-இல்தான். சுற்றிலும் அப்பார்ட்மெண்ட் எழ, நடுவில் திண்ணையும் ஆசாரக் கூடமுமாக ஓர் ஓட்டு வீடு பூட்டிக் கிடக்கும். பாழடைந்த கோட்டையைவிட அவசரமாக எடுக்க வேண்டிய படம் அதுதான். அடுத்த முறை போனால் அங்கே சைட் கல் நட்டிருப்பார்கள்!

உதிர்ந்து கிடக்கும் சீமை ஓட்டைத் திருப்பிப் பார்த்ததுண்டா? செய்த கம்பெனியின் பெயர் அச்சாகியிருக்கும்! அதையும் கிட்டத்தில் ஒரு படம் எடுங்கள். மங்களூர் பாசல் மிஷன் ஓட்டில் 1865 என்றிருந்தால் வீட்டின் வயது அதுவென்று எண்ணிவிடாதீர்கள். அது தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு.

இடிக்கப் போகிற தெருக்களை முன்கூட்டியே படமெடுக்க வைத்த நகரம் உண்டு, தெரியுமா? ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ! 1868 முதல் 1871 வரை தாமஸ் அன்னன் அந்தச் சந்துகளைப் படமாக்கினார். இடித்த பிறகு மிஞ்சியவை அவர் படங்கள்தாம். நம் நகரங்களும் செய்யலாமே! வானத்திலிருந்து எடுத்த படமோ ஏற்கெனவே இருக்கிறது. 1972 முதலான லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களை யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். உங்கள் ஊர்த் தோட்டங்கள் வருடத்துக்கு வருடம் கட்டடமாவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்!

ஒரு வேண்டுகோள். பூட்டிய வீடும் ஒருவருடைய வீடு, கேட்டுவிட்டு எடுங்கள். ஊர்ப்பெயர், தேதி, அந்த வீட்டை எப்படிச் சொல்வார்கள் என்பதையெல்லாம் படத்தோடு எழுதி வையுங்கள். அதைச் சொல்லத் தெரிந்த பெரியவர் இன்னும் ஊரில் இருக்கும்போதே போங்கள்.