கணையத்துள் ஒரு குலுக்கை

எம்மூராகிய விளாத்திகுளத்துக் கரிசற்காட்டின் பழைய வீடுகளில் கம்பும் சோளமும் இட்டுவைத்த மண் குலுக்கையை அன்பர் சிலர் கண்டிருத்தல் கூடும். அதன் அடிப்புறத்துத் துளையின் அடைப்பை நீக்கினாலன்றித் தானியம் வெளிவாராது. குலுக்கை நிறைந்திருந்தும் அடைப்பு இறுகிவிடின் வீட்டார் பட்டினியே. பிறந்த சில திங்களுள் நீரிழிவு காணும் குழவிகள் சிலரின் நிலையும் இத்தகையதே. தமிழ் பயில்வார்க்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கெனின், தமிழ்நாட்டில் வயதுவந்தோர் 100 பேரில் ஏறத்தாழ 10 பேர்க்கு நீரிழிவு உண்டென 2011-இல் வெளிவந்த கணக்கு கூறிற்று. ஆகலின் இஃது எல்லார் வீட்டுப் பொருளேயாம்.

கணையத்துப் பீட்டா உயிரணு ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 10,000 நுண்பைகளில் இன்ஸுலின் காத்துக்கிடக்கின்றது. உணவுண்டபின் குருதியில் ஏறிய சர்க்கரை அணுவினுட் புகுந்து எரிந்து, ஏ.டி.பி. என்னும் ஆற்றற்பொருளை மிகுவிக்கும். அப்பொருள் அணுவின் தோலிலுள்ள பொட்டாசிய வாயிலை மூடும். அது மூடவே தோலின் மின்னழுத்தம் மாறும். அம்மாற்றத்தாற் கால்சிய வாயில் திறக்கும். அணுவினுள் இருப்பதினும் வெளியே கால்சியம் ஏறத்தாழ 10,000 மடங்கு மிகுதியாகலின், கண்மாய் மடை திறந்தாற்போல் அஃது உட்பாயும்.

இனிப் புரதங்களின் தொழிலைக் காண்போம். நுண்பையின்மேல் வாம்ப்-2 என்னும் புரதமும், அணுத்தோலின் உட்புறத்தே சின்டாக்சின், ஸ்னாப்-25 என்னும் இரண்டும் உள. (இப்பெயர்களைத் தமிழாக்க முயன்று யாம் தோற்றோம்.) இம்மூன்றும் கயிறு முறுக்கினாற்போல் ஒன்றையொன்று பின்னிப் பையைத் தோலோடு இழுத்து நிறுத்தும். ஆயினும் பின்னல் முற்றுப்பெறாது. கால்சியம் வந்ததை அறிவது சைனப்டோடேக்மின் என்னும் பிறிதொரு புரதம். அது கால்சியத்தைப் பற்றியவுடன் இணைப்பு முடியும். பை வாய்திறந்து இன்ஸுலினைச் சொரியும். தோலருகே முன்னரே நின்ற சில பைகளே முதற் சில நிமிடங்களிற் சொரிவன. ஏனையவை மெல்ல வரும். வயதுவந்தோர்க்கு வரும் நீரிழிவிற் பெரும்பாலும் முதலிற் குன்றுவது அம்முதற்பாய்ச்சலே. நுண்பைகளின் போக்குவரவை விளக்கிய ராத்மன், ஷெக்மன், சூடாஃப் என்னும் மூவர் 2013-இல் நோபல் பரிசு பெற்றனர்.

குழவிகளிடம் மீள்வோம். பொட்டாசிய வாயிலின் கிர்-6.2 என்னும் புரதத்திற் பிறவிப்பிழை இருப்பின், ஏ.டி.பி. மிகுந்தும் வாயில் மூடாது. மூடாவிடிற் கால்சியம் புகாது. இன்ஸுலின் இருந்தும் வெளிவாராது. இதனை இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரத்து அறிஞரும் அவர்தம் துணைவரும் 2004-இல் வெளியிட்டனர். சல்போனைலூரியா என்னும் மருந்தோ, ஏ.டி.பி.யை எதிர்பாராது தானே அவ்வாயிலை மூடவல்லது. நாடோறும் ஊசி தாங்கிய குழவிகளுட் பலர் அதனால் ஊசியை விட்டு மாத்திரைக்கு மாறினர். சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தாரும் இத்தகைய குழவிகளின் மரபணுவைச் சோதித்துச் சிலரை அவ்வாறு மாற்றியுள்ளனர். ஆறு திங்கட்குள் நீரிழிவு கண்ட குழவிக்கு அச்சோதனை செய்வித்தல் வேண்டும் என்பது மருத்துவர் துணிபு. பிழை வேறிடத்ததாயின் மாத்திரை பயன்படாமற் போகலாம். முடிவு தெரியுமுன் ஊசியை நிறுத்துதல் உயிர்க்கே ஊறாம்.