குருவியின் மூட்டையும் கப்பற்காரரின் மைலும்

சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டி, ராஜாஜி சாலையின் நடைபாதை நெடுகத் தோளோடு தோள் உரச நிற்கும் பர்மா பஜார்க் கடைகளைக் கண்டவர்கள், அவை எதை விற்கின்றன என்பதை அறிவார்கள். அங்கே வந்து குவியும் சரக்கு எவ்விதம் கடல் கடந்து வந்தது என்பதைப் பலர் அறியமாட்டார்கள். 1962இல் ஜெனரல் நே வின் பர்மாவின் ஆட்சியைக் கைப்பற்றி, ஈராண்டுகளில் வியாபாரங்களையெல்லாம் அரசுடைமையாக்கியதன் விளைவாக, ரங்கூனில் தலைமுறைகளாக வாழ்ந்த தமிழர்கள் உடுத்த துணியோடு சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். அவர்களுடைய ஜீவனோபாயத்துக்கென 1969இல் ஏற்பட்டது அந்தக் கடைத்தெரு. கப்பலிலிருந்து இறங்கும் மாலுமிகள் கொண்டுவந்த சாமான்களும், பிற்காலத்தில் விமானத்தில் போய்வரும் ‘குருவிகள்’ சுமந்துவந்த சாமான்களுமே அதற்கு உயிரூட்டின.

குருவி என்பவர் யார்? மண்ணடியிலோ வேறெங்கோ இருக்கும் ஒரு வியாபாரி டிக்கெட் எடுத்துக் கொடுக்க, சிங்கப்பூருக்கோ பாங்காக்குக்கோ கொழும்புக்கோ காலையில் பறந்து, அங்கே கட்டிவைத்த மூட்டையைத் தம்முடைய சொந்த லக்கேஜ் என்று சொல்லித் திரும்பக் கொண்டுவந்து சேர்த்து, அதற்குரிய கமிஷனைப் பெற்றுக்கொள்ளும் ஏழைப் பிரயாணி. சற்று யோசித்தால், அவருக்கு விற்பதற்கென்று சொந்தமாகச் சரக்கு எதுவுமில்லை என்பது புலப்படும். விமான நிறுவனம் ஒவ்வொரு பிரயாணிக்கும் அனுமதிக்கும் இத்தனை கிலோ என்ற சலுகையையும், சுங்க இலாகா ஒவ்வொரு பிரயாணிக்கும் அளிக்கும் தீர்வை விலக்கையுமே அவர் விற்கிறார். 2016ஆம் ஆண்டின் பேகேஜ் விதிகள் அந்த விலக்கைப் பொதுவாக 50,000 ரூபாய் என்று வரையறுத்ததோடு, ஒருவருடைய சலுகையை இன்னொருவருடைய சலுகையோடு சேர்த்துக் கணக்கிடலாகாது என்றும் தெளிவாகச் சொல்லிவைத்தன. ஆளுக்கென்று கொடுக்கப்பட்டது ஆளைவிட்டுப் பிரிந்து சந்தைக்கு வரக்கூடாது என்பதே அதன் தாத்பரியம்.

இந்தப் பழைய தொழிலுக்கு, இஸ்திரி போட்ட சட்டை அணிந்த ஓர் உறவினர் இப்போது உண்டு. அடிக்கடி விமானத்தில் பறப்பவர்களுக்கு நிறுவனங்கள் வெகுமதியாக அளிக்கும் ‘மைல்’களை இணையத்தின் வழியே காசுக்கு விற்கும் வியாபாரம்தான் அது. 1981 மே மாதத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் தொடங்கிய திட்டத்தைப் பின்பற்றி, உலகத்து விமான நிறுவனங்கள் அநேகமாக எல்லாமே இவ்வழக்கத்தை மேற்கொண்டன. நம் நாட்டில் ஏர் இந்தியாவும், ஜெட் ஏர்வேஸும், கிங்ஃபிஷரும் தத்தமக்கென ஒரு திட்டத்தை வைத்தன. பறந்த தூரத்துக்கோ செலுத்திய கட்டணத்துக்கோ ஏற்ப மைல்கள் கணக்கில் ஏறும். போதிய அளவு சேர்ந்தவுடன் அவற்றைக் கொடுத்து இலவச டிக்கெட் பெறலாம். தாமே பறக்க வேண்டுமென்பதில்லை, மனைவி மக்களுக்கோ உறவினருக்கோ அந்த டிக்கெட்டை எடுத்துக் கொடுக்கவும் பெரும்பாலான நிறுவனங்கள் இடமளிக்கின்றன. விற்கமட்டும் கூடாது. விற்றது தெரிந்தால் டிக்கெட் ரத்தாகும், கணக்கு மூடப்படும், சேர்ந்திருந்த மைல் முழுவதும் பறிபோகும்.

விக்கிரயம் நடக்கும் விதமும் எளிமையானதே. இணையத்தில் கடை விரித்திருக்கும் தரகர், மைல் வைத்திருப்பவரிடம் இலட்சத்துக்கு இவ்வளவு என்று பேசி முடித்து, பிஸினஸ் வகுப்பில் பறக்க ஆசைப்படும் இன்னொருவரிடம் முழுக் கட்டணத்தில் பாதிக்கோ அதற்கும் குறைவாகவோ பேசி முடித்து, அந்த இன்னொருவரை முன்னவருடைய ‘உறவினர்’ என்று எழுதி டிக்கெட் எடுத்துவிடுவார். இடையில் நிற்கும் லாபம் தரகருடையது. பர்மா பஜாரில் குருவியின் மூட்டைக்கும் இதே கணக்குத்தான். தராசு மட்டும் வேறு.

இதில் அதர்மம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், நிறுவனங்கள் உடனே, ‘மைல் உங்கள் சொத்தன்று, எங்கள் அன்பளிப்பு’ என்று பதில் சொல்லும். 1990இல் அமெரிக்காவில் டி.டபிள்யூ.ஏ. விமான நிறுவனம் இத்தகைய தரகுக் கம்பெனி ஒன்றின்மீது நடத்திய வழக்கிலும், வெகுமதிச் சீட்டைப் பிறருக்கு மாற்றலாகாது என்ற நிபந்தனை செல்லும் என்றே மேல்முறையீட்டு நீதிமன்றம் கருதியது. சட்டப்படி விஷயம் அத்தோடு முடிந்திருக்கலாம். ஆயினும் ஆதரித்தவருக்கு அளிக்கும் வெகுமதி எப்போதும் விலைப்படாத பொருளாகவே இருக்கவேண்டும் என்பது உலக நியதியன்று என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு பழைய சான்று உண்டு. திருமலைக் கோயிலில் நைவேத்தியத்துக்கு நிலமோ பொன்னோ எழுதிவைத்தவர்களுக்கு, படைத்த பிரசாதத்தில் நாலில் ஒரு பங்கு உரியதென்று கல்வெட்டுகள் கூறுகின்றன. ‘விட்டவன் விழுக்காடு’ என்று அதற்குப் பெயர். அந்தப் பங்கை உடையவர் தாமே உண்ணலாம், மடத்துக்கு எழுதிவைக்கலாம், பிரசாதம் விற்பவர்களுக்குக் கொடுத்துக் காசாக்கிக்கொள்ளவும் செய்யலாம். வேங்கடவனே தன் பிரசாதத்தின் மறுவிற்பனையைப் பொறுத்துக்கொண்டான். விமானக் கம்பெனிக்கு மட்டும் அது பொறுக்கவில்லை என்று நான் வேடிக்கையாக நினைத்துக்கொள்வதுண்டு.

வேடிக்கை ஒருபுறமிருக்க, நிறுவனத்தின் வாதத்திலும் ஓரளவு நியாயம் இல்லாமலில்லை. காலியாகப் போகக்கூடிய இருக்கையைத்தான் அது வெகுமதியாகக் கொடுக்கிறது. அந்த இருக்கையில், இல்லாவிட்டால் முழுப் பணமும் கட்டிப் பறந்திருக்கக்கூடிய ஒருவர் தரகர் மூலம் வந்து அமர்ந்துவிட்டால், அது நஷ்டமே. ஆனால் அன்பளிப்பு என்ற சொல்லைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. மைலை விற்கக்கூடாது என்று நம்மிடம் கூறும் அதே நிறுவனம், அதனைக் கோடிக்கணக்கில் வங்கிகளுக்கு விற்கிறது; வங்கிகள் வாங்கித் தம் கடன் அட்டைக்காரர்களுக்குப் பங்கிடுகின்றன. 2020இல் தொற்றுநோயால் விமானங்களெல்லாம் தரையில் நின்றபோது யுனைடெட் நிறுவனம் தன் மைல் திட்டத்தையே ஈடு வைத்துக் கடன் வாங்கியது. அப்போது அத்திட்டத்துக்குப் போட்ட மதிப்பு ஏறத்தாழ 2,190 கோடி டாலர், அதாவது அந்நாளில் பங்குச்சந்தை அந்நிறுவனம் முழுமைக்கும் வைத்த விலையைக் காட்டிலும் அதிகம். ஈடு வைக்கத் தகுந்த பொருள், நம் கைக்கு வந்ததும் விலையற்ற அன்பளிப்பாக மாறிவிடுகிறது. போதாக்குறைக்கு, நேற்று இருபதாயிரம் மைல் கேட்ட டிக்கெட்டுக்கு இன்று முப்பதாயிரம் கேட்கும் உரிமையையும் நிறுவனம் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. 2012இல் கிங்ஃபிஷர் பறப்பதை நிறுத்தியபோது, அதன் கணக்கில் ஆண்டுக்கணக்காக மைல் சேர்த்துவைத்தவர்களுக்கு ஏறிப் பறக்க அந்த விமானமே இல்லாமற்போயிற்று. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றபோதோ, எத்திஹாத் விமான நிறுவனம் பாதிக்குமேல் பங்கு வாங்கித் தனிக் கம்பெனியாக நடந்துவந்த அதன் மைல் திட்டம், ‘இன்டர்மைல்ஸ்’ என்று பெயரை மாற்றிக்கொண்டு பிழைத்தது. உடல் போயிற்று, நிழல் மட்டும் நடமாடிற்று!

ஆகவே விமானக் கம்பெனிக்கு எதிரான குற்றம் என்ற அளவில் இதை நான் பெரிதாகக் கருதவில்லை. கையெழுத்திட்டு ஒப்புக்கொண்ட நிபந்தனையை மீறுவது தவறுதான். உறவினரல்லாதவரை உறவினர் என்று எழுதுவது பொய்தான். ஆனால் என் மனத்தை அதிகம் உறுத்துவது வேறொரு கேள்வி. டிக்கெட்டுக்குப் பணம் கட்டியவர் ஒருவராகவும் பறந்தவர் இன்னொருவராகவும் இருக்கையில், மைல் யாருடையது?

திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் வாழும் ஒரு கப்பற்காரரை மனத்திற்கொள்வோம். சென்னைத் துறைமுகமும் எண்ணூர் காமராஜர் துறைமுகமும் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருந்தாலும், அவர் ஏறும் கப்பல் அங்கே நிற்பதில்லை. ரோட்டர்டாமிலோ சிங்கப்பூரிலோ ‘சைன் ஆன்’ செய்ய வேண்டியிருக்கும். கப்பற் கம்பெனி மீனம்பாக்கத்திலிருந்து டிக்கெட் எடுத்து அனுப்புகிறது. எட்டு ஒன்பது மாதம் கழித்து ‘சைன் ஆஃப்’ ஆகும்போது வேறோர் ஊரிலிருந்து டிக்கெட் எடுத்துத் திருப்பி அழைக்கிறது. கப்பற்காரர்களுக்கென்றே உள்ள சலுகைக் கட்டணத்தில் மைல் குறைவாகவே விழும் என்றாலும், பத்துப் பதினைந்து வருஷம் இவ்விதம் பறந்தவரின் கணக்கில் கணிசமான தொகை சேர்ந்திருக்கும். காசு கம்பெனியுடையது, நடுராத்திரியில் அந்நிய விமான நிலையத்துப் பெஞ்சில் சுருண்டு படுத்திருந்த முதுகு இவருடையது.

அரசாங்க உத்தியோகஸ்தர்களைப் பொறுத்தவரையில் நம் நாட்டில் விடை திட்டவட்டமானது. அரசுச் செலவில் பறந்து சேர்ந்த மைல்களை அந்த இலாகா வேறு அலுவல் பிரயாணங்களுக்கே பயன்படுத்த வேண்டும், சொந்தப் பிரயாணத்துக்கு எடுத்துக்கொள்பவர்மீது துறை நடவடிக்கை பாயும் என்று, மத்திய நிதியமைச்சகம் 2017 ஜூலையில் பயணப்படி பற்றி வெளியிட்ட உத்தரவு கூறுகிறது. அமெரிக்க அரசாங்கமோ 2001 டிசம்பரில் சட்டமே இயற்றி, அத்தகைய மைல்களைத் தன் ஊழியர்களே வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டது. அதற்கடுத்த ஆண்டு ஜெர்மனியில், பாராளுமன்ற அலுவலாகப் பறந்து சேர்த்த மைலில் சொந்தப் பிரயாணம் செய்தார்கள் என்ற செய்தி பத்திரிகையில் வெளிவந்ததும், பசுமைக் கட்சியின் செம் ஒஸ்டெமிர் தம் கட்சிப் பொறுப்பையும், கிரெகோர் கீஸி பெர்லின் மாநில அமைச்சர் பதவியையும் துறந்தார்கள். ஒரே பொருளை ஓர் அரசாங்கம் சம்பளத்தின் ஒரு பகுதி போலக் கருத, இன்னொரு தேசம் பொதுப் பணமாகக் கருதிற்று. கப்பற்காரரின் வேலை ஒப்பந்தத்தில் இதுபற்றி ஒரு வரி இருந்தால் அதுவே பிரமாணம். வரி இல்லாதபோது மௌனம் சம்மதமாகும் என்பதே என் அபிப்பிராயம். ஆனால் மைலுக்காகவே சுற்றுவழியில் அதிகக் கட்டண டிக்கெட்டைக் கேட்டு வாங்குபவர், கம்பெனியின் பணப்பையில் கை விடுகிறார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆளோடு ஒட்டிய சீட்டு என்ற கருத்து நமக்குப் புதிதன்று. தென்னிந்தியாவின் முதல் பிரயாணிகள் ரயில் 1856இல் புறப்பட்ட ராயபுரம் நிலையத்தில் இன்று டிக்கெட் வாங்குபவரும், அதைப் பிறருக்கு விற்கக்கூடாது என்ற சட்டத்துக்குக் கட்டுப்பட்டவரே. பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தார் போன்ற நெருங்கிய உறவினருக்கு முறைப்படி விண்ணப்பித்துப் பெயரை மாற்றிக்கொள்ள ரயில்வே இடமளிக்கிறது, வியாபாரத்துக்குத்தான் இடமில்லை. தனிநபர் கணக்குகளைத் திறந்து இணையத்தில் டிக்கெட் எடுத்துப் பிறருக்கு விற்பதும் ரயில்வே சட்டத்தின் 143ஆம் பிரிவின்படி குற்றமே என்று 2025 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அத்தடையின் நியாயம் எளிதில் விளங்குகிறது: தீபாவளிக்கு ஊர் போகத் தவிக்கும் கூலிக்காரருடைய படுக்கையைத் தரகர் முன்கூட்டியே மடக்கிப்போட்டுவிடக் கூடாது. மைல் விற்பனையில் அப்படித் தவிக்கும் ஏழை எவருமில்லை. பிஸினஸ் வகுப்பு கிடைக்காதவர் எகானமியில் போவார்.

ஆனால் வேறோர் இடத்தில் ஏமாறுபவர் இருக்கிறார். பாதி விலைக்கு டிக்கெட் வாங்கியவர், அது யாரோ ஒருவருடைய மைலில் எடுத்தது என்பதை அறியாமலே, குடும்பத்தோடு பெட்டி படுக்கையைத் தள்ளிக்கொண்டு கவுண்டருக்கு வந்து நிற்கும்போது, டிக்கெட் ரத்தாகிவிட்டது என்று சொல்கிறார்கள். தரகரின் தொலைபேசி மணி அடித்துக்கொண்டேயிருக்கும். விமானக் கம்பெனி அவரைத் தன் வாடிக்கையாளராகவே ஏற்பதில்லை. மைலுக்கு உடையவரோ அவர் முகத்தையே கண்டதில்லை. இன்னும் மோசமானது, தரகர் கேட்டாரென்று கணக்கின் கடவுச்சொல்லைக் கொடுத்துவிடும் பழக்கம். அவ்வாறும், சொந்தக்காரருக்கே தெரியாமலும் திருடப்பட்ட கணக்குகளின் மைல், நேர்மையாகச் சம்பாதித்த மைலோடு கலந்து அதே கடையில் விலையாகிறது. வாங்குபவருக்கு இரண்டையும் பிரித்தறிய வழியில்லை. சிவப்பு விளக்கு எரியும் சுங்கச் சாவடியில் மூட்டை பிரிக்கப்படும்போது வியர்த்து நிற்பவர் குருவிதானே தவிர, மண்ணடி முதலாளி அல்லர். இந்த வியாபாரத்திலும் அகப்படுபவர் இரு ஓரங்களிலும் நிற்பவரே. நடுவில் இருப்பவர் மறுநாள் வேறொரு பெயரில் கடை திறந்துவிடுகிறார்.

இத்தனையும் கேட்டபின், காலடிப்பேட்டைக் கப்பற்காரர் தரகர் பக்கமே போகவில்லை என்று வைத்துக்கொள்வோம். சிங்கப்பூரில் வேலை கிடைத்துப் புறப்படும் சித்தப்பா மகனுக்கு, தம் கணக்கிலிருந்து விதிப்படியே ஒரு டிக்கெட் எடுத்துக் கொடுக்கிறார். ஆறு மாதம் கழித்து ஊர் வந்த தம்பி, வீட்டுக்கு வந்து, வெற்றிலை பாக்கும் பழமும் வைத்த தட்டில் ஓர் உறையையும் சேர்த்து அண்ணியின் கையில் கொடுக்கிறான். “எதுக்குடா இதெல்லாம்?” என்று கேட்கிறார் இவர். “பிள்ளைங்களுக்குத் துணி எடுங்கண்ணே” என்கிறான் அவன். உள்ளே பதினைந்தாயிரத்து ஒரு ரூபாய் இருக்கிறது. நிறுவனத்தின் நிபந்தனைப் பத்திரத்தின்படி அது விற்பனையா இல்லையா என்று அந்த வீட்டில் எவரும் கேட்கவில்லை. அண்ணி அந்த ஒரு ரூபாயைத் தனியே எடுத்துச் சாமி மாடத்தில் வைக்கப் போகிறாள்.